அத்தானின் தோட்டம் குடித்த தண்ணீர்

அத்தான் மீது எனக்கிருந்த கோபம் ஆறவில்லை; ஆற வேண்டும் என்று நான் நினைக்கவுமில்லை. அவர் என் கணவரின் தமையன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்காபரோவில் அவர் வீட்டு பேஸ்மென்டில்தான் குடியிருந்தோம். ஊரில் என் அப்பா செத்துப்போன செய்தி வந்தபோது, அத்தான், பெரியபிள்ளையான தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு, மேலே சடங்குக்கு நாள் வைத்து விருந்துக்கு ஹோலும் எடுத்து வைத்திருந்தார்.

"செத்தவீட்டுத் துடக்குக்காரர் கீழ இருக்க, மேல நல்ல காரியம் செய்யேலாது. வேற இடம் பாருங்கோ."

அழுது முடிவதற்குள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கினோம்.

சில வருடங்களில் அவர் ஏரிக்கரைச் செங்குத்தின் விளிம்போடு ஒரு வீடு வாங்கினார். குடிபூரலுக்கு எங்களையும் கூப்பிட்டார். வடை சுட ஆள் வேண்டுமே. பின்வளவில், குடிவர முன்னமே நட்டிருந்த மிளகாய், கத்தரி, பயிற்றைப் பந்தல். வேலிக்கு அப்பால், கிடுகிடு பள்ளத்தில் ஒன்டாரியோ ஏரி. ஹோஸைத் திறந்தபடியே விட்டிருந்தார்.

"எவ்வளவு விட்டாலும் குடிக்குது. எங்கடை ஊர் மண் மாதிரி!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள் நான். ஊரில் மண்ணுக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்து, குகை குடைந்து, கீழே போய்விடும். அப்படியொரு குகையின் கூரை இடிந்து உண்டானதுதான் நிலாவரைக் கிணறு. இந்தக் கரை வேறு. பனிப்பாறைக் காலத்து ஏரியில் படிந்த மணல், களிமண், மறுபடி மணல். மணலுக்குள் இறங்கும் தண்ணீர், நீர் புகாத களிமண்ணில் முட்டி, பக்கவாட்டில் ஓடி, செங்குத்தின் முகத்தால் மணலையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும்.

வடை முடிந்ததும் கீழே கரைக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். அவர் தோட்டத்துக்கு நேர்கீழே மட்டும் ஈரம் கறுப்பாய்க் கசிந்திருந்தது.

"என்ன பாக்கிறீர்?" என்றார் கணவர்.

"ஏரி வடிவாயிருக்கு" என்றேன்.

அந்தக் கோடை முழுக்க ஹோஸ் ஓடியது. என் வயிறு குளிர்ந்தது. விளிம்போடு இருந்தது தோட்டம்தான், வீடு நன்றாகத் தள்ளி இருந்தது, உயிருக்கு ஆபத்தில்லை என்று பார்த்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுக்கு நான் நல்லவள்.

அடுத்த வசந்தத்தில் பனி உருக, வேலியும் பந்தலும் பாதி வளவும் ஏரிக்குப் போயின. அந்த வீட்டை இனி யார் வாங்குவார்கள்? அத்தான் எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்து, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் இருந்தார்.

"நீ உதுகள் படிச்சனி. வந்து பாத்தனி. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"குடிபூரல் வீடு, அத்தான்" என்றேன். "நல்ல காரியத்துக்குள்ள துடக்குக்காரி என்னெண்டு வாய் திறக்கிறது?"