தந்தை ஏன் உண்ணவில்லை?

இரண்டே மதிப்பெண்தான். இருந்தாலும் நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் எட்டாவது படித்தேன். அரையாண்டுத் தமிழ்த் தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே கேள்விகள் கேட்டிருந்தார்கள். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க ஒரு தகப்பன் விடியுமுன் கிளம்பி, வழியில் எங்கும் நிற்காமல் நடந்து, உச்சிவெயிலில் போய்ச் சேருகிறார். மகள் வீட்டுப் பானையில் ஒரு பிடி சோறுதான் இருக்கிறது. சாப்பிடக் கூப்பிடுகிறாள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்கிறார். தந்தை ஏன் உண்ணவில்லை? இதுதான் கேள்வி.

மகளுக்கு இல்லாமல் போய்விடும் என்று பசியோடு பொய் சொன்னார் என எழுதினேன். சிவப்பு மையில் பெரிய சுழியம். அச்சடித்து வந்த விடைக்குறிப்பில் 'முன்பே உண்டுவிட்டதால்' என்று இருந்ததாம்.

"எங்கீங்கய்யா சாப்ட்டாரு? வழியில நிக்கவே இல்லீங்களே?" என்று தமிழய்யாவிடம் கேட்டேன்.

"அச்சடிச்சவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்?"

குறிப்பு எழுதியவர் பத்தியைப் படிக்கவே இல்லை என்றேன். அவ்வளவுதான். அம்மா வந்து மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குச் சிங்காநல்லூரில், பள்ளிக்குப் பக்கத்திலேயே மில் வேலை. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், சோறு இருந்த தூக்குப்போசியைத் திறக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஐயா பிளாஸ்கைத் திறந்தபடி, "டீ குடிக்கறீங்களா அம்மணி?" என்றார்.

"வேண்டாமுங்க. இப்பத்தானுங்க சோறு உண்டுபோட்டு வாரேன்."

அவரும் நம்பி மூடியைத் திருகினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பொய்யிங்கய்யா! அம்மா இன்னும் சாப்பிடவே இல்லீங்க. போசியைத் தூக்கிப் பாருங்க!" என்று கத்தினேன்.

அம்மாவின் முகம் செத்துவிட்டது.

"பாத்தீங்களா, பெத்தவளையே பொய்க்காரிங்குது" என்றார் ஐயா. 'என் மகள் எழுதிய விடை தவறு, இனி எதிர்த்துப் பேச மாட்டாள்' என்ற கடிதத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

கேட்டைத் தாண்டியதும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீ சொன்ன கதையில அந்த அப்பன் பசியோடதான் இருந்திருப்பாரு. எனக்குத் தெரியாதா? அதுக்குன்னு வாத்தியாரு முன்னாடி என்ற மானத்த வாங்குவியா?"

"தெரிஞ்சே ஏம்மா கையெழுத்துப் போட்டே?"

"மில்லுல சங்கு ஊதிப்போடுவாங்க கண்ணு" என்று மில்லுக்கு ஓடினாள்.

சாயங்காலம் போசியைத் திறந்தபோது சோறு ஊசிப்போயிருந்தது. ஐயா மேலிருந்த கோபத்தை எப்போதோ விட்டுவிட்டேன். அவர் பத்தியைப் படிக்கத் தெரியாதவர். அம்மாவுக்குச் சரியான விடை தெரியும். தெரிந்தே தவறு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் மேல் உள்ள கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.