பச்சை நிறத்தைக் கெடுத்த தாஜிமத்

எங்கள் மஹல்லாவில் தாஜிமத் அண்ணன் செய்த ஒரே குற்றம், நடந்த ஒரு குற்றத்தைக் குற்றம் என்று எழுதிக் கொடுத்ததுதான். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் யோக்கியதை உள்ளவன் ஒருத்தன், பதினோரு சந்தும் இருநூற்றைம்பது வீடுமாக இருக்கிற இந்தக் கோஷ்தூத் மஹல்லாவில் வாய் திறக்கும் வரை காத்திருந்தால் மண்ணுக்குள் போய்விடுவேன். நான் இந்தத் தெரு முக்கில் ரொட்டி அடுப்பு வைத்திருப்பவன். முகம் நெருப்புக்கு, முதுகு தெருவுக்கு என்று முப்பது வருஷம் நின்றிருக்கிறேன். ஆனாலும் தெருவில் நடந்த எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை. ரொட்டி வாங்க வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டா வாங்குகிறார்கள்?

தாஜிமத் அண்ணன் பட்டு ஆலையில் மின்கம்பி வேலை பார்த்தவர். ஆலையை மூடியபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. எல்லோரையும் போல ரஷ்யாவுக்குப் போனார். ஒரே பனிக்காலத்தில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். வேறு யாரும் கேட்காத வேலை என்பதால் மஹல்லாக் காவல் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். சிவப்புக் கைப்பட்டை ஒன்று, விசில் ஒன்று. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அந்த வேலையைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தே பார்த்தார்கள். இவர் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு தினமும் பதினோரு சந்தும் நடந்தார்.

பனிக்காலத்தில் எங்கள் ஊரில் சமையல் வாயு போகும், வரும். போகும்போது அடுப்பு அணையும். திரும்பி வரும்போது நெருப்பில்லாமல் வாயு மட்டும் வீட்டுக்குள் நிறையும். அப்போதெல்லாம் தாஜிமத் அண்ணன் ஒவ்வொரு கேட்டாகத் தட்டி, "வால்வை மூடினீங்களா? மூடினேன்னு சொல்லாதீங்க, போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க!" என்று உயிரை எடுப்பார். பெண்கள் எரிந்து விழுவார்கள். ஒரு ஜனவரியில் வாயு வாசனையை மோப்பம் பிடித்துப் போய், மயங்கிக் கிடந்த ஒரு குடும்பத்தையே கதவை உடைத்து வெளியே இழுத்துப் போட்டார். அதற்கப்புறம் எரிந்து விழுவது நின்றது. "தாஜிமத் மூக்கு இருக்கறப்போ நமக்கு மீட்டர் எதுக்கு?" என்று கேலி பேச ஆரம்பித்தார்கள். அந்தக் கேலியில் அவருக்கு ரொம்பப் பெருமை.

இப்போது அந்தப் பாழாய்ப்போன பச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாவட்ட அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் உண்டு. வருஷம் முழுக்க ஒரு குற்றமும் பதிவாகாத மஹல்லாவுக்குப் பச்சை, ஒன்றிரண்டு ஆனால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. தொடர்ந்து மூன்று வருஷம் பச்சையாக இருந்தால் தார் ரோடும் தெருவிளக்கும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் மார்ச் மாதம் நடந்து பார்த்தவனுக்குத்தான் தார் ரோட்டின் அருமை தெரியும். மாடே முழங்கால் வரை புதைந்து நிற்கும். நாங்கள் இரண்டு வருஷம் பச்சை. மூன்றாவது வருஷமும் டிசம்பருக்கு வந்துவிட்டோம்.

குற்றமே நடக்காமலா பச்சையாக இருந்தோம்? எல்லாம் நடந்தது. எழுதவில்லை, அவ்வளவுதான். ஆட்டைத் திருடினான் ஒருத்தன். வேறு ஆடு வாங்கிக் கொடுக்க வைத்தார்கள். கல்யாணத்தில் ஒருத்தன் மண்டை உடைந்தது. உடைத்தவனும் உடைபட்டவனும் ஒரே தட்டில் புலாவ் சாப்பிட்டுச் சமாதானம் ஆனார்கள். இதையெல்லாம் முன்னால் நின்று செய்து வைத்தவர் வேறு யாருமில்லை, தாஜிமத் அண்ணன்தான். "நம்ம ஆளுங்க, நம்ம டீ, நாமளே பேசித் தீர்த்துக்கலாம். போலீஸுக்கு இங்க என்ன வேலை?" என்பார். ஆட்டு விஷயத்தில் அது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் முஅத்தர் ஆடு இல்லை. ஐந்தாவது சந்தில் ஷேரலி வீட்டுக்கு வாழ வந்த பெண். ஷேரலி சந்தையில் கார் உதிரிப்பாகம் விற்கிறவன். தெருவில் எதிரே வந்தால் நெஞ்சில் கை வைத்து, அவன்தான் முதலில் ஸலாம் சொல்வான். வீட்டுக்குள் அந்தக் கை வேறு வேலை செய்தது. முஅத்தர் மூன்று தடவை மஹல்லா அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். மூன்று தடவையும் தலைவர் காபில்ஜான் டீ வைத்து, ஷேரலியைக் கூப்பிட்டுக் கண்டித்து, இரண்டு பேரையும் சேர்த்து வைத்தார். மூன்று தடவையும் அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே போய் வீட்டில் விட்டவர் தாஜிமத் அண்ணன். மூன்றாவது தடவை என் அடுப்புக்கு முன்னால் போகும்போது அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"பெரியப்பா, கேட்டு வரைக்கும் பத்திரமா கொண்டு வந்து விடறீங்க. கேட்டுக்கு உள்ள யாரு காவல்?"

அவர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.

நாலாவது தடவை அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. பனி கொட்டிக் கிடந்த ஒரு மத்தியானம், வெறுங்காலோடு தாஜிமத் வீட்டுக் கேட்டில் வந்து நின்றாள். தோள் எலும்பு உடைந்திருந்தது. மனைவியின் கோட்டைப் போர்த்தி, காலில் ரப்பர் செருப்பை மாட்டிவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்தார். அதற்குள் யாரோ சொல்லி, தலைவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். என் அடுப்புக்கு முன்னால்தான் மறித்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. அங்கேர்ந்து போலீஸுக்கு."

"ஆஸ்பத்திரிக்குத் தாராளமா போங்க, என் காரையே எடுத்துக்கங்க. வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னா முடிஞ்சுது. பனிக்காலம். யாருதான் விழல?"

"இவ விழல."

"எனக்குத் தெரியாதாண்ணே? இன்னும் பத்தொம்பது நாள்தான். வருஷம் முடியட்டும், ரோடு நமக்கு. அப்புறம் அந்த நாயை நானே கூப்பிட்டு நாலு அறை விடறேன். போதுமா?"

"பத்தொம்பது நாள் இவ உயிரோட இருப்பாளா?"

"என்ன பேச்சு இது, அபசகுனமா? குடும்பம்னா ஆயிரம் இருக்கும்."

"மூணு தடவை என் கையாலதான் இவளைக் கொண்டுபோய் விட்டேன், காபில்ஜான். இனிமே என்னால முடியாது."

"அப்ப இருநூத்தம்பது வீடும் சேத்துலயே கிடக்கட்டும்ங்கறீங்க?"

"கிடக்கட்டும்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ரொட்டிக்காரரே, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்களேன்."

"ரொட்டி கருகுது" என்று சொல்லி அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன். உள்ளே ஒரு ரொட்டிகூட இல்லை.

தாஜிமத் எழுதிக் கொடுத்தார். முஅத்தர் ஒற்றைக் கையால் கையெழுத்துப் போட்டாள். ஷேரலியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் இரண்டு நாள் உள்ளே இருந்தான். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அது மாமியாரிடம் மாட்டிக்கொண்டது. "புகாரை வாபஸ் வாங்கினா குழந்தை, இல்லேன்னா கண்ணால பாக்க முடியாது" என்று கிழவி சொல்லி அனுப்பினாள். அந்தச் சேதியைக் கொண்டுபோனது மஹல்லாத் தலைவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் நாள் அவள் போய், பாதாள அறைப் படியில் விழுந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஷேரலி வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

வழக்கு அதோடு முடிந்தது. ஆனால் வரைபடத்தில் ஏறின மஞ்சள் ஏறினதுதான், அழிக்க மாட்டோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தார் ரோடு பாலத்துக்கு அந்தப்பக்கத்து மஹல்லாவுக்குப் போனது. அங்கே தார் காய்ச்சிய வாசனையை இங்கே எங்கள் சேற்றில் நின்றபடி நாங்கள் முகர்ந்தோம். பொய்ப் புகாருக்குத் துணை போனார் என்று தாஜிமத்தின் கைப்பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே அவரை ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவரும் திருப்பித் திட்டி மனசு ஆறியிருக்கும். அவர் ரொட்டி வாங்க வந்தால் வரிசையில் பேச்சு நிற்கும், போனதும் தொடரும். அவ்வளவுதான்.

ஏப்ரலில் அவருடைய ஒரே மகனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்காரன் விடியற்காலையில் மஹல்லா ஆண்கள் எல்லோருக்கும் புலாவ் போட வேண்டும். அந்தப் புலாவுக்குப் போடும் கேரட்டை அரிய, முந்தின நாள் சாயங்காலமே அவர்கள் வர வேண்டும். கூலிக்கு ஆள் வைப்பது கிடையாது. வீட்டுக்கு ஒருத்தர் கத்தியோடு வந்து உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டே அரிந்து தள்ளுவார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை வைத்துத்தான் ஒருத்தனுக்கு ஊரில் என்ன மரியாதை என்று சொல்வோம்.

தாஜிமத் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய் அழைத்தார். முற்றத்தில் நீள மேசை போட்டு, எழுபது கிலோ கேரட்டைக் கழுவிக் குவித்து, வருகிறவர்கள் மாற்றி மாற்றி அரிய நாற்பது பலகை வைத்துக் காத்திருந்தார். கேரட் அரிய யாரும் வரவில்லை. அவரும், இரண்டு மச்சினன்களும், நாளைக்கு மாப்பிள்ளையாகப் போகிற பையனுமாக உட்கார்ந்து அரிந்தார்கள். மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்குத் தானே கேரட் அரிந்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நான் எங்கே போனேன் என்று கேட்கிறீர்களா? மாவு பிசைந்துகொண்டிருந்தேன். காலை விருந்துக்கு முந்நூறு ரொட்டி சொல்லியிருந்தாரே. எனக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கைவசம் இருக்கும்.

விடியற்காலையில் வண்டியில் ரொட்டி கொண்டுபோனேன். வாசலில் நீள ஊதுகுழல்காரர்கள் கன்னம் புடைக்க ஊதிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருநூற்றைம்பது பேருக்கு மேசை விரித்திருந்தது. உறவுக்காரர்களையும் பழைய ஆலைக்காரர்களையும் சேர்த்து முப்பது பேர் இருந்தால் அதிகம். எதிர்ப்புறம் தேநீர்க் கடைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காபில்ஜான் உட்கார்ந்திருந்தார். மஹல்லாக்காரர்களில் யார் உள்ளே போகிறார்கள் என்று எண்ண அவருக்கு விரல்களே போதுமாயிருந்தது.

தாஜிமத் என் கையைப் பிடித்தார். "உக்காருப்பா. ஒரு கவளம் சாப்பிட்டுப் போ."

"அடுப்பு காயுதுண்ணே."

"ஒரே ஒரு கவளம்."

"இன்னொரு நடை ரொட்டி இருக்குண்ணே, கொண்டாந்துட்டு வந்து சாப்பிடறேன்."

இரண்டாம் நடை போனபோது ஷேரலி உட்கார்ந்திருந்தான். அழைப்பில்லாமல் வந்திருந்தான். புதுத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை. விருந்து வாசலுக்கு வந்தவனைத் திருப்பி அனுப்ப எங்கள் ஊரில் முடியாது. எதிரியானாலும் வீட்டுக்காரன் தன் கையால் தட்டு வைத்தாக வேண்டும். அதை நம்பித்தான் வந்திருக்கிறான், நாய். தாஜிமத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்து அவன் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்கங்க" என்றார்.

"எனக்கு உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்லண்ணே" என்றான் ஷேரலி, நெஞ்சில் கை வைத்து. "ஒரே தெருக்காரங்க நாம. பிள்ளைங்க நல்லா வாழட்டும். கறி நல்லா வெந்திருக்கு."

தாஜிமத் தலையை ஆட்டிவிட்டு, டீ ஊற்றிக் கொடுத்தார். நான் ரொட்டியை இறக்கி வைத்துவிட்டு, எதிர்க்கடையைப் பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் காலை நினைவுக்கு வரும்போதெல்லாம் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. மிஞ்சின புலாவை மச்சினன்கள் வாளி வாளியாகப் பஸ் நிலையத்துக் கூலியாட்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள். நல்ல வெயில், தெருவில் ஈ காக்காய் இல்லை. முஅத்தர் ஓடி வந்தாள். இந்தத் தடவை குழந்தையையும் இடுப்பில் வைத்திருந்தாள். என் அடுப்பிலிருந்து பார்த்தால் தெரிகிற தாஜிமத் வீட்டுக் கேட்டுக்குத்தான் நேரே போனாள். உள்ளங்கையால் தட்டினாள். "பெரியப்பா! பெரியப்பா!" அப்புறம் முஷ்டியால் தட்டினாள். குழந்தை அழுதது. கேட்டுக்குக் கீழே இருந்த இடைவெளியில் அவருடைய கால்களை நான் பார்த்தேன். தாழ்ப்பாளுக்கு ஓரடி தள்ளி நின்றிருந்தார். அங்கிருந்து நகரவில்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு எப்போதும் போல அடுப்பு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நான் தலையை வெளியே எடுத்தபோது அவள் ஐந்தாவது சந்துக்குள் தானே நடந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவள் யார் கேட்டையும் தட்டவில்லை.

மறுநாள் தாஜிமத் அண்ணன் ரொட்டி வாங்க வந்தார். வரிசையில் வேறு யாரும் இல்லை. கேட்காமல் இருந்திருக்கலாம். என்னவோ, அவரைக் கேட்க மட்டும் எனக்கு வாய் வந்தது.

"நேத்து வீட்லதான் இருந்தீங்களாண்ணே?"

"இருந்தேன்."

"அவ தட்டினது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு, ரொட்டிக்காரரே. அதுங்க கல்யாணத்துக்காவது நீங்கள்லாம் கேரட் அரிய வரணும்ல?" என்றார். நாலு ரொட்டியைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வீட்டுக்குப் போனார்.