விசுவாசம் உள்ளவன் படகு

மீன்பிடிக்கப் போன என் வீட்டுக்காரர் கடல் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இரண்டு மாதமாக இலங்கைச் சிறையில் இருக்கிறார்.

இன்று காலை எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்றாட பைபிள் வாசகம் வந்தது. இயேசு புயலை அடக்கிய பகுதி. அதன் கீழே, குழுவை நடத்தும் அண்ணன் தன் சிந்தனையை எழுதியிருந்தார்: விசுவாசம் உள்ளவன் படகு பிடிபடாது.

தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்பில் அவரை மறித்தேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு விசுவாசம் இல்லைங்கிறியளா?"

"பொதுவாத்தான் எழுதுனேன் தங்கச்சி. ஒன்னையச் சொன்னதா ஏன் நெனைக்கிற?"

"நம்ம குழுவுல வேற யாரு படகுண்ணே பிடிபட்டுச்சு? அன்னைக்கும் அவரு கழுத்துல செபமாலை கிடந்துச்சு."

வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் வீடு வந்து சேர்வதற்குள் குழுவிலிருந்து என்னை நீக்கியும் விட்டார்.

நாளைய வாசகத்தை யாராவது எனக்கு அனுப்புங்கள். அவருடைய சிந்தனையை மட்டும் வெட்டிவிட்டு.