கிருத்திகாவின் இரண்டு இனிஷியல்கள்

காலையில் காபி கைக்கு வந்ததும் கிருத்திகா முதலில் செல்போனைத்தான் பார்ப்பாள். தன் ஆய்வுக் கட்டுரைகளை வேறு ஆராய்ச்சியாளர்கள் யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று தேடுவாள். கல்யாணமாகிப் புதுச்சத்திரத்துக்கு வந்ததிலிருந்து மாமியார் வசந்தாமணி இதைக் கவனித்து வருகிறார்.

கோழிகளைத் தாக்கும் வைரஸின் மரபணுக்களைப் பற்றியது அவள் ஆராய்ச்சி. நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. போன வருஷம் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தாள். மேற்கோள்கள் போதவில்லை என்று தள்ளிவிட்டார்கள்.

“எல்லாரும் மேற்கோள் காட்டுறது கல்யாணத்துக்கு முன்னாடி எழுதுனதைங்க அத்தை. அதுல அப்பா இனிஷியல், த. கிருத்திகா. இப்ப மோ. கிருத்திகா. கம்ப்யூட்டர் ரெண்டு பேருன்னு எடுத்துக்கிச்சு.”

“அப்ப நான் ரெண்டு பேரைக் கட்டிக்கிட்டனா?” என்று சிரித்தான் கணவன் மோகன்குமார்.

“ஒருத்திக்கே உன்னால காபி வெச்சுத் தர முடியல, போடா,” என்றார் வசந்தாமணி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தாலி ஏறின பிறகும் அப்பன் இனிஷியல் எதற்கு என்று பிடிவாதமாக மாற்ற வைத்தது அவர்தான். மருமகள் பக்கம் திரும்பினார்.

“பழைய எழுத்தையே போட்டுக்க சாமி. ரேசன் கார்டுல எம்பையன் பேரு இருக்குதல்ல, அது போதும்.”

மேற்கோள்களைக் கணக்கிடும் இணையதளத்துக்குக் கிருத்திகா எழுதிக் கேட்டதில் கட்டுரைகள் எல்லாம் த. கிருத்திகா என்ற ஒரே பெயரில் சேர்ந்துவிட்டன. புதிதாக எழுதுவதும் அந்தப் பெயரில்தான். மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். கல்லூரியிலிருந்து பதில் இன்னும் வரவில்லை.