பாணுக்குள் இருந்த மோதிரம்

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ஓர் ஐரிஷ்காரி. அவளுடைய ஆங்கிலம் வாத்தியாருக்கு விளங்காது. என்னுடையதும் விளங்காது. நாங்கள் சிநேகிதிகளாவதற்கு அது போதுமாக இருந்தது.

அவள் ஃபாரஸ்ட் கேட்டில் தன் பெரியம்மாவோடு இருந்தாள். நான் ஈஸ்ட் ஹாமில் அண்ணை வீட்டில். மத்தியானத்தில் நான் கொண்டுபோகிற இடியப்பத்தில் பாதி அவளுக்குத்தான். சம்பல் உறைக்க உறைக்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிடுவாள். ஒருநாள் அப்படி உறிஞ்சிக்கொண்டே, "ஹாலோவீனுக்கு எங்கள் வீட்டுக்கு வா, எங்கள் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்" என்றாள்.

எனக்கு ஆசைதான். ஆனால் அந்த வாரம் கந்தசட்டி விரதம். நான் ஒருநேரச் சாப்பாடு, அதுவும் சைவம். இதை அவளுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவளோ லேசாகச் சிரித்தாள்.

"அன்றைக்கு எங்களுக்கும் இறைச்சி இல்லை. மறுநாள் எல்லாப் புனிதர்களின் திருநாள். இறைச்சி கேட்டால் பெரியம்மா என்னை வெளியே துரத்திவிடுவா. உன் ஒருநேரத்தை எங்களுக்காக வைத்துக்கொள்."

வெள்ளைக்காரர் வீட்டிலும் விரதமா! அண்ணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணி கறி அடுப்பைக் குறைத்துவிட்டு யோசித்தா.

"முட்டை போடுவினமோ எண்டு கேட்டனியே?"

கேட்டேன். முட்டை போடாமலே செய்து தருவதாகப் பதில் வந்தது.

ஹாலோவீன் அன்று பின்னேரம் அவர்கள் வீட்டுப் படியேறும்போது எனக்குப் பசியில் காது அடைத்திருந்தது. கதவைத் திறந்த பெரியம்மா குள்ளமாக, உருண்டையாக, ஏப்ரன் முழுக்க மாவோடு நின்றா. என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னா. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "ஓம்" என்றேன். அது தமிழ் என்று உறைத்ததும் "யெஸ்" என்றேன். பெரியம்மா பலமாகச் சிரித்து, என் இரண்டு கன்னத்தையும் பிடித்தா. பிறகு வீட்டுக்குப் போகும்வரை என் கன்னத்தில் மாவு இருந்திருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் வந்தது கொல்கானன். உருளைக்கிழங்கை அவித்துப் பாலில் மசித்து, கரும்பச்சையாக ஒரு கீரையும் வெங்காயத்தாளும் கலந்து, சாப்பாட்டுக் கோப்பையில் மலையாகக் குவித்திருந்தது. சோற்றில் ரசத்துக்குக் குழி செய்வோமே, அதைப் போல நடுவில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் பெரியம்மா பட்டரை வைத்தா. சிறு துண்டு என்று நினைக்க வேண்டாம், நல்ல கட்டி. அது உருகி மஞ்சள் குளமாக நின்றது. கரையிலிருந்து எடுத்து, குளத்தில் தோய்த்துச் சாப்பிட வேண்டும், கரையை உடைக்கக் கூடாது என்று சிநேகிதி சொல்லித்தந்தாள். இரண்டாவது வாயிலேயே நான் கரையை உடைத்துவிட்டேன். பட்டர் கோப்பையெல்லாம் ஓடியது. நாள் முழுக்கச் சாப்பிடாத வயிற்றுக்குள் சூடான கிழங்கும் பட்டரும் இறங்க, எனக்கு ஏனென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் இருந்தால்தான் அடுத்த வாய் வைக்கலாம் என்ற நிலைமை.

குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டு, பெரியம்மாவே ஒரு கிளாஸில் வெள்ளையாக ஊற்றித் தந்தா. ஒரு மிடறு குடித்துவிட்டு எழும்பியே நின்றுவிட்டேன்.

"மோர்!"

லண்டனுக்கு வந்ததிலிருந்து யாரும் எனக்கு மோர் தந்ததில்லை. உப்பு கேட்டு வாங்கிப் போட்டேன். பெரியம்மா சந்தேகத்தோடு பார்த்தா. பிறகு தன் கிளாஸிலும் ஒரு சிட்டிகை போட்டு, குடித்து, உதட்டை நக்கி, இன்னொரு சிட்டிகை போட்டா.

கடைசியில்தான் அந்தப் பாண், நீங்கள் பிரெட் என்பீர்களே, அது வந்தது. பிராக் என்றார்கள். தேத்தண்ணியில் ஊறிய முந்திரிகை வற்றல், அதுதான் உலர்ந்த திராட்சை, நிறையப் போட்டுச் சுட்ட இனிப்புப் பாண். முட்டை இல்லாததால் வெட்ட வெட்ட உதிர்ந்தது. "பார்த்துக் கடி, உள்ளே சாமான் இருக்கிறது" என்றாள் சிநேகிதி. நான் பகிடி என்று நினைத்தேன். அவளுடைய துண்டிலிருந்து சின்னத் துணிக்கந்தல் ஒன்று, கடதாசியில் சுற்றியபடி, வெளியே வந்தது. கந்தல் வந்தால் வறுமையாம். "கணக்காளராகப் போகிறவளுக்கு நல்ல சகுனம்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த கடியில் என் பல்லில் கடக் என்றது. துப்பிப் பார்த்தால், கடதாசிக்குள் ஒரு பித்தளை மோதிரம்.

பெரியம்மா கூவின கூவலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மோதிரம் வந்தால் ஒரு வருசத்துக்குள் கல்யாணம்! கரண்டியால் தேத்தண்ணிக் கேத்தல் மூடியில் தட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி ஆடினா. சிநேகிதி என் இடது கையைப் பிடித்து, மோதிர விரலில் மோதிரத்தை ஏற்றி, ஒரு அழுத்து அழுத்தினாள். நானும் எழும்பி ஆடினேன். கந்தசட்டியில் நான் ஆடியது அந்த ஒருமுறைதான்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன். மூட்டில் வந்து நின்றது. திருப்பினேன், இழுத்தேன், எச்சில் பூசினேன். விரல் தடித்ததுதான் மிச்சம்.

கதவைத் திறந்த அண்ணியின் கண் நேரே என் கைக்குப் போனது.

"என்னடி உது?"

"மோதிரம், அண்ணி."

"ஆர் போட்டது?"

"பாணுக்குள்ள இருந்தது."

"பாணுக்குள்ளயோ?"

பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்து சாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணை பேப்பரைக் கீழே வைத்தார். அவருக்கு என் கல்யாணம்தான் அப்போது முழுநேரச் சிந்தனை. டூட்டிங்கில் ஒரு மாப்பிள்ளைப் பகுதியோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"கள்ளக் கதை சொல்லாத. பாணுக்குள்ள மோதிரம் என்னெண்டு வரும்?"

"உண்மையாத்தான் அண்ணை. கேக்கிலயும் பாணிலயும் ஒளிச்சு வைப்பினமாம். ஒரு வருசத்துக்குள்ள கலியாணமாம்."

கடைசி வசனத்தை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "கழட்டு" என்றார். "ஏலாது, இறுகிப் போச்சு" என்றேன். அண்ணி சவர்க்கார நுரை போட்டுப் பார்த்தா, நல்லெண்ணெய் போட்டுப் பார்த்தா. மோதிரம் அசையவில்லை.

"நாளைக்கு அந்த வீட்டை வாறன். அந்த மனிசியை நானே கேக்கிறன்" என்றார் அண்ணை.

மறுநாள் காலமை அண்ணை கலியாண வீட்டுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டார், கழுத்தில் ரை கட்டினார். கோபத்தை மரியாதையாகக் காட்ட வேண்டுமென்றால் அவர் அப்படித்தான் உடுத்துவார். அண்ணி செருப்பு மாட்டிக்கொண்டு பின்னால் வர, நான் முன்னால் போய் மணியை அடித்தேன்.

பெரியம்மா கோயிலுக்குப் போய்வந்த தொப்பியோடு கதவைத் திறந்தா. என்னைப் பார்த்தா. எனக்குப் பின்னால் கோட்டும் ரையுமாக நின்ற அண்ணையைப் பார்த்தா. இரண்டு கையையும் தூக்கி ஒரு கூவல்.

"என்ன சொல்லுறா?" என்றார் அண்ணை, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

இந்தமுறை எனக்கு எல்லாம் விளங்கியிருந்தது. நான் சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன்.

"சொல்லு!"

"ஒரு நாளிலயே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திட்டியே எண்டு கேக்கிறா. நீங்கள்தான் மாப்பிள்ளையாம்."

அதற்குள் பெரியம்மா அண்ணையின் இரண்டு கன்னத்தையும் பிடித்துவிட்டா. அண்ணையின் வாய் திறந்தபடி நின்றது. பின்னால் அண்ணி முதலில் இருமினா, பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்தா, பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தா. அண்ணி அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து ஓடிவந்த சிநேகிதி விசயம் தெரிந்து சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு விசாரணை நடத்த முடியுமா? எங்களை மேசையில் இருத்திவிட்டார்கள். முதல்நாள் பாணில் மிச்சம் இருந்தது. பெரியம்மா அதை வெட்டி, பட்டர் பூசி, அண்ணைக்கு முன்னால் வைத்தா. அண்ணை ஒரு துண்டைச் சந்தேகத்தோடு பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார். நடுவில் கை நின்றது. கடதாசி. பிரித்தால், தீக்குச்சியளவு ஒரு தடி.

"இது என்னவாம்?"

சிநேகிதி சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். "தடி வந்தால் வீட்டில பெண்சாதியிட்ட அடி வாங்குவினமாம்."

உண்மையில் சந்தோசமில்லாத கல்யாணம் என்றுதான் அவள் சொன்னாள். நான் கொஞ்சம் மாற்றினேன். அண்ணி தடியை வாங்கித் தன் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டா. அண்ணை அண்ணியைப் பார்த்தார், தடி போன கைப்பையைப் பார்த்தார். மீசை துடித்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். "முதல் தடவையா ஒருத்தர் எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கினம்" என்றார்.

மோதிரத்தைப் பெரியம்மாதான் கழற்றினா. என் விரலைக் குளிர்தண்ணியில் வைத்திருந்துவிட்டு, பட்டரைப் பூசி, மெல்லத் திருகினா. வந்துவிட்டது. அண்ணி அந்த வித்தையை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தா.

டூட்டிங் பேச்சு தானாக நின்றுபோனது, மோதிரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் படித்து முடித்து, வேலை எடுத்து, தொண்ணூறுகளின் நடுவில்தான் கல்யாணம் செய்தேன். ஒரு வருசத்துக்குள் கல்யாணம் செய்தது என் சிநேகிதி. அந்த வருச ஹாலோவீனுக்கு அவளுடைய துண்டில் வந்தது கந்தல்தானே என்று பெரியம்மாவைக் கேட்டேன். அன்றைக்கு அடுப்பு சரியாக வேலை செய்யவில்லை, சாமான் மாறிவிட்டது என்றா.

மோதிரம் வந்த அந்த வருசமே, நத்தார், அதாவது கிறிஸ்மஸ், கழிந்த கிழமையில் அண்ணி அவர்கள் இருவரையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டா. அண்ணியும் கொல்கானன் செய்தா, தன்னுடைய முறையில். கிழங்கை மசித்து, பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் கடுகும் தாளித்துக் கொட்டி, மஞ்சள் போட்டு, ஞாபகமாக நடுவில் குழியும் செய்திருந்தா. பட்டருக்குப் பதில் குழிக்குள் நெய். பெரியம்மா முதல் வாயை வைத்தா. முகம் சிவந்தது, கண்ணில் தண்ணி கொட்டியது, மூக்கு ஒழுகியது.

"பாவம், தண்ணி குடு, தண்ணி குடு" என்று அண்ணை பதறி எழும்பினார்.

பெரியம்மா அவரைக் கையால் தடுத்து உட்காரச் சொன்னா. மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டு, ஏப்பம் ஒன்று விட்டா. பிறகு கோப்பையை அண்ணிக்கு முன்னால் நீட்டினா.