இரண்டை அழுத்தினால் ஊர்

போன ஐப்பசியில் நடந்தது இது. மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு வேலை. வீடு சேலையூரில். அம்மா இறந்த பிறகு, விழுப்புரம் தாண்டி இருக்கும் எங்கள் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். எங்கள் தெருவில் மீதமிருந்தவர்களும் திருப்பூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். ஊரில் மழையா என்று கேட்கக்கூட அப்பாவுக்கு ஆள் இல்லை.

அதனால் ஊர் வழியாகப் போகும் டவுன் பஸ் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார். தினமும் சாயந்திரம் போன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய பட்டன் போனில் இரண்டை அழுத்தினால் கண்டக்டருக்குப் போகும்படி நான்தான் வைத்துக் கொடுத்திருந்தேன்.

ஒருநாள், "டிக்கெட் போட்டுனு இருக்கேன் பெரியவரே, அப்புறம் பேசுறேன்" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. வெட்கமாகிவிட்டது. அப்பா குளிக்கப் போனதும் அந்த நம்பரை அழித்துவிட்டேன்.

"இன்னாடா, ரெண்டை அமுத்தினா போவ மாட்டேங்குது?" என்றார் மறுநாள்.

"ஊர்ல டவர் இல்லப்பா."

நம்பினார். நாலு நாள் அழுத்திப் பார்த்தார். பிறகு போனை அலமாரியில் வைத்துவிட்டார். சோறும் பாதியாகக் குறைந்தது.

பத்தாம் நாள், அப்பா கடைக்குப் போயிருந்தபோது அந்த போன் அடித்தது. கண்டக்டர்தான்.

"பெரியவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா தம்பி? என் பொண்டாட்டிகூட என்னை இப்படித் தேட மாட்டா. இவரு போன் வரலன்னா ஒரு மாதிரியா கீது."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு..." இழுத்தேன்.

"இன்னா தொந்தரவு? உங்க ஊர் ஸ்டாப்புல ஏற எறங்க ஆளே இல்ல. டிரைவர் நிக்காம போலாம்ன்றாரு. நான்தான் விசில் குடுத்து நிறுத்துறேன். ஸ்டாப்புக்கு எதுக்கால கீற உங்க வூட்டை ஒரு பார்வை பாத்தாதானே சாயந்திரம் அவருக்குப் பதில் சொல்ல முடியும்? மழையில தோட்டத்துச் செவுரு சாஞ்சிடுச்சி. சொல்லலாம்னு பாத்தா ஆளையே காணோம்."

அப்பா வந்ததும் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை.

"அப்போ அவரு நல்லாத்தான் கீறாரா? நான் இன்னான்னவோ நெனச்சிக்கினேன்" என்று போனை நீட்டினார். "போட்டுக் குடு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த உரிமையில் அப்பாவுக்கு யார் வேண்டும், யார் வேண்டாம் என்பதையும் நானே முடிவு செய்துவிட்ட அந்தப் பத்து நாளை நினைத்தால், இன்றும் அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூசுகிறது.