ஜீப்புக்குள் ஒரு கிளிங்

கடல் உப்பில் துருப்பிடித்த பழைய ஜப்பான் ஜீப் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சரிசெய்தேன். வண்டி ஓடத் தொடங்கியதும் திருப்போரூர் முருகன் கோயில் வாசலில் பூஜை போட்டோம். திரும்பும் வழியிலேயே, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'கிளிங்' என்று ஒரு சத்தம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் என் வேலையில், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட முடியாது. வீட்டில் யார் கேட்பது? பிரேக், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் என்று நான்கு வாரம் கழற்றி மாட்டினேன். சத்தம் போகவில்லை.

கடைசியில் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு, டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து ஒரு குட்டிப் பித்தளை வேல் எடுத்துக் காட்டினார்.

"பூஜையன்னிக்கு நீதான அண்ணாத்த இத்த உள்ள போட்ட? வண்டி சும்மா கும்முனு கீது. இன்னா தேடிகினு கீற?"

ஸ்பேனர் தேவைப்படாத ஒரே இடம் அதுதான். அங்கே பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மாலை மாமல்லபுரம் வரை ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரிசெய்ய வண்டியில் எதுவுமே மிச்சமில்லை. கடற்கரைச் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்திவிட்டு, பானெட்டைத் திறந்தேன்.